நாலு கிராம் நியாயம்: எலக்ட்ரிக் ஃபுட்பால் பொம்மைகளின் எடைக் கதை

கேரம் ஆட உட்காரும்போது, எதிரில் இருப்பவர் பாக்கெட்டிலிருந்து தன் சொந்த ஸ்ட்ரைக்கரை எடுத்தால் முதலில் என்ன பண்ணுவோம்? கையில் வாங்கி, உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்ப்போம். “என்னடா இது, கல்லு மாதிரி இருக்கு”ன்னு ஒரு சண்டை ஆரம்பிக்கும். அந்தச் சண்டையில் நியாயம் இருக்கு. அதனால்தான் சர்வதேச கேரம் விதிகளில் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க.

இன்னிக்கு எபிசோட்ல நாம பார்க்கப் போறதும் ஒரு எடைச் சண்டைதான். ஆனா அது நடந்தது அமெரிக்காவில், ஒரு தகரப் பலகை மேல. அந்த விளையாட்டின் பேர் எலக்ட்ரிக் ஃபுட்பால். அதுல ஓடுற பொம்மைகள் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். எடை சில கிராம். அந்தச் சில கிராமை எவ்வளவு கூட்டலாம், எங்கே கூட்டலாம், எங்கே நிறுத்தணும்? இந்தக் கேள்வியை வளர்ந்த மனுஷங்க பல வருஷமா சீரியஸா விவாதிச்சிட்டு இருக்காங்க. ஏன்னு பார்ப்போம்.

அதிரும் தகரம்

1948-இல் நார்மன் சாஸ் என்ற இளைஞர் நியூயார்க்கில் டியூடர் மெட்டல் ப்ராடக்ட்ஸ் என்ற பொம்மை கம்பெனியின் பொறுப்பை ஏற்றார். அது அவருடைய அப்பாவின் தொழில். சாஸ், எம்.ஐ.டி-யில் படித்த மெக்கானிக்கல் இன்ஜினியர். டியூடரிடம் ஏற்கெனவே ஒரு கார் ரேஸ் விளையாட்டு இருந்தது. ஒரு தகரத் தளம், அதற்கு அடியில் அதிர்வு உண்டாக்கும் மின்கருவி. ஸ்விட்ச் போட்டால் தளம் அதிரும், அதன் மேல் இருக்கும் குட்டிக் கார்கள் தானாக நகரும்.

சாஸ் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. கார் ஓடும்னா, மனுஷன் ஓட மாட்டானா? 1949-இல் டியூடரின் எலக்ட்ரிக் ஃபுட்பால் கடைக்கு வந்தது.

இங்கே ஃபுட்பால்னா அமெரிக்க ஃபுட்பால். நாம ஆடுற கால்பந்து இல்லை. ஒரு பக்கம் 11 பேர், எதிர்ப்பக்கம் 11 பேர். நடுவில் ஒரு கோடு. பந்தை வைத்திருக்கும் அணி அந்தக் கோட்டைத் தாண்டி முன்னேற வேண்டும். முன்வரிசையில் நிற்கும் பெரிய உடம்புக்காரர்களை லைன்மேன் என்பார்கள். அவர்களின் வேலை தள்ளுவது, அல்லது தள்ளப்படாமல் நிற்பது. அவர்கள் திறக்கும் இடைவெளியில்தான் பந்தோடு ஒருத்தன் பாய்ந்து ஓடுவான். இதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. மிச்சக் கதை இந்த ஒரு வேலையைச் சுற்றித்தான் நடக்குது.

பொம்மை எப்படி ஓடுது? ஒவ்வொரு பொம்மையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பீடத்தின் மேல் நிற்கும். பீடத்துக்கு அடியில் மெல்லிய, சாய்ந்த கால்கள் இருக்கும். நம்ம பல்துலக்கும் பிரஷ்ஷைக் கவிழ்த்து வைத்து அதன் இழைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்ட மாதிரி. தகரம் மேலே எழும்பும்போது அந்தக் கால்கள் வளையும், கீழே இறங்கும்போது விடுபடும். ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு நூலிழை தூரம் முன்னால் தாவும். அமெரிக்க வீட்டு மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. அதனால் அந்தத் தாவல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பொம்மை வழுக்கிக்கொண்டு போவது போலக் கண்ணுக்குத் தெரியும்.

போவது என்று சொன்னேன், ஆனால் எங்கே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில பொம்மைகள் நேராகப் போகும். சில ஒரே இடத்தில் வட்டமடிக்கும். சில தன் அணியின் கோலையே நோக்கிக் கம்பீரமாக நடக்கும். இந்த விளையாட்டை ஆடிய அமெரிக்கர்கள் இன்றும் முதலில் நினைவுகூர்வது இரண்டு விஷயங்களை: அந்த ரீங்காரச் சத்தமும், சுற்றிச் சுற்றி வந்த வீரர்களும்.

முக்கியமான விஷயம் என்னன்னா, ஸ்விட்ச் போட்ட பிறகு ஆடுறவர் கையில எதுவும் இல்லை. வீரர்களை நிறுத்தி வைக்கும் வரைக்கும்தான் நம்ம ஆட்சி. அப்புறம் இயற்பியல் பார்த்துக்கும். அப்படின்னா ஜெயிக்கணும்னு நினைக்கிறவன் என்ன பண்ணுவான்? ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடியே எதையாவது மாத்தணும். அப்படித்தான் கவனம் பொம்மையின் எடைப்பக்கம் திரும்புச்சு.

தட்டையிலிருந்து உடம்புக்கு

ஆரம்பகால வீரர்கள் தட்டையாக இருந்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய தகடு. 1960-களின் தொடக்கத்தில் லீ பெய்ன் என்ற வடிவமைப்பாளர் டியூடருக்காக முப்பரிமாண வீரர்களை உருவாக்கினார். குனிந்து நிற்பவன், ஓடுபவன், கையை விரித்துத் தடுப்பவன் என்று ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு தோரணை வந்தது. 1967-இல் டியூடருக்கு என்.எஃப்.எல் உரிமமும் கிடைத்தது. அதுக்கு முன்னாடி அந்த உரிமம் போட்டிக் கம்பெனியான காதமிடம் இருந்தது. இனி ஒரு பையன் தன் ஊர் அணியின் நிஜ நிறங்களிலேயே டியூடர் பொம்மைகளை வாங்கலாம்.

தட்டையான வீரனும் உடம்புள்ள வீரனும் ஒன்றில்லை. உடம்பு வந்ததும் அதோடு எடை வந்தது, அந்த எடைக்கு ஒரு மையம் வந்தது. மெலிந்த தோரணை, பருத்த தோரணை என்று வித்தியாசம் வந்தது. குனிந்து நிற்கும் பொம்மையின் பாரம் தாழ்வாக இருக்கும், நிமிர்ந்து ஓடும் பொம்மையின் பாரம் உயரத்தில் இருக்கும். ஒரு லைன்மேனைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த உடம்பை எடுக்கிறோம் என்பதே ஒரு முடிவாக மாறியது.

ரெண்டு கிராம் எதிர் நாலு கிராம்

கொஞ்சம் கணக்கு போடலாம், பயப்படாதீங்க. ஒரே வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு பொம்மைகள். ஒன்று 4 கிராம், இன்னொன்று 2 கிராம். முட்டி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தில் படித்த உந்தம்தான். 4-லிருந்து 2-ஐக் கழித்தால் மிச்சம் 2. மொத்த எடை 6. ஆக, கனமான பொம்மை பழைய வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு தொடர்ந்து முன்னேறும். லேசான பொம்மை பின்னோக்கித் தள்ளப்படும்.

இது முதல் மோதல் மட்டும்தான். அதற்குப் பிறகு தள்ளுமுள்ளு. அங்கேயும் கனம்தான் ஜெயிக்கும், ஆனால் வேறு காரணத்துக்காக. தள்ளுவதற்குத் தரையில் பிடிமானம் வேண்டும். எடை கூடினால் பீடத்தின் கால்கள் தகரத்தில் அழுத்தமாகப் பதியும், பிடிமானம் கூடும். லேசான பொம்மையோ தள்ளவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் துள்ளிக்கொண்டே இருக்கும்.

அப்போ எல்லாப் பொம்மையையும் கனமாக்கிட வேண்டியதுதானே? அங்கதான் இயற்பியல் ஒரு கொக்கி போடுது. அந்தச் சாய்ந்த கால்கள் வளைந்து விடுபட்டால்தான் பொம்மை ஓடும். பாரம் அளவுக்கு மீறினால் கால்கள் அமுங்கிப் போய்விடும். அதிர்வு வரும், தாவல் வராது. பலமான ஒரு தடியன் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருப்பான். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நடையே நின்றுவிடுவது மாதிரி.

அதனால் அனுபவசாலிகள் அணி முழுவதையும் ஒரே எடைக்குக் கொண்டுபோவதில்லை. லைன்மேன்களுக்குக் கனம். அவர்கள் அதிக தூரம் ஓட வேண்டியதில்லை, முதல் சில அங்குலங்களில் ஜெயித்தால் போதும். பந்தோடு ஓடுபவனுக்கு நடுத்தர எடை. ரொம்ப லேசாக இருந்தால் யாராவது உரசினாலே திசை மாறிவிடுவான், ரொம்பக் கனமாக இருந்தால் இடைவெளி மூடுவதற்குள் போய்ச் சேர மாட்டான். தூரத்தில் பந்தைப் பிடிக்க ஓடுபவனுக்கு வேகம்தான் எல்லாம். அவனுக்குச் சேர்க்கும் எடை பெரும்பாலும் வீண்.

எடையைச் சேர்க்கிற வழிகளும் சுவாரசியமானவை. பீடத்துக்கு அடியில் துளி களிமண், தூண்டிலில் மாட்டும் ஈயத் துண்டு, இறுகிப் போகும் புட்டி. அல்லது பிளாஸ்டிக்கைவிட கனமான பொருளில் வார்த்த பொம்மை. பெயின்ட் கூடச் சும்மா இல்லை. கோட் மேல் கோட் அடித்தால் அதுவும் கணக்கில் ஏறும். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி ஒன்றுண்டு: பாரம் கீழே இருக்கணும். தலையில் கனம் வைத்தால் பொம்மை முதல் இடியிலேயே மல்லாந்துவிடும். கீழேயும்கூட எந்தப் பக்கம் என்பது முக்கியம். இடது ஓரத்தில் பாரம் கூடினால் பொம்மை நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளையும்.

யார் தராசைக் கொண்டு வந்தது?

இப்போ வரலாற்றுக்குத் திரும்புவோம். வீட்டுக்குள் ஆடிய காலத்தில் எடைக்கு விதி தேவைப்படவில்லை. அண்ணன் பொம்மைக்கு அடியில் ஈயத்தை ஒட்டினால் தம்பி கத்துவான், அம்மா வந்து பஞ்சாயத்து பண்ணுவாள், அல்லது தம்பியும் ஒட்டுவான். எப்படியும் பிரச்சினை அந்த அறையைத் தாண்டாது.

1970-களில் டியூடர், சக்கரம் போலத் திருப்பித் திசையை அமைக்கக்கூடிய புதிய பீடங்களைக் கொண்டு வந்தது. வீரன் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஓரளவு முன்கூட்டியே தீர்மானிக்க முடிந்தது. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1977-இல் மேட்டல் கம்பெனி கையடக்க எலக்ட்ரானிக் ஃபுட்பாலை வெளியிட்டது. திரையில் சிவப்புப் புள்ளிகள், பீப் பீப் சத்தம், அவ்வளவுதான். இருந்தும் அங்கே பொத்தானை அழுத்தினால் வீரன் சொன்ன பேச்சைக் கேட்டான். 1988-இல் ஜான் மேடன் ஃபுட்பால் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதிரும் தகரம் பரணுக்குப் போனது.

பரணுக்குப் போன பொம்மையை விடாமல் வைத்திருந்தவர்கள் யார்? வளர்ந்துவிட்ட அந்தப் பையன்கள்தான். 1990-களில் மிகிள் டாய்ஸ் என்ற கம்பெனி இந்த விளையாட்டைக் கையில் எடுத்து, தேசிய அளவில் போட்டிகளையும் நடத்த ஆரம்பித்தது. வெவ்வேறு ஊரிலிருந்து ஆட்கள் தங்கள் அணியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். 2012-இல் கம்பெனி மறுபடி கைமாறி, டியூடர் கேம்ஸ் என்று பழைய பெயரே திரும்பியது. நார்மன் சாஸ் காலமானதும் அதே 2012-இல்தான், 87 வயதில்.

முன்பின் தெரியாதவர்கள் ஒரே பலகையில் மோத ஆரம்பித்தபோதுதான் எடைப் பிரச்சினை நிஜமாக வெடித்தது. ஒருத்தர் ஊரில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். இன்னொருத்தர் ஊரில் கடையில் வாங்கியதை அப்படியே ஆட வேண்டும். இருவரும் சந்தித்தால்? கனமான அணி வரிசையை அப்படியே உருட்டிக்கொண்டு போகும். தோற்றவர் அடுத்த முறை இன்னும் கனமாக வருவார். முதலாமவர் அதைவிடக் கனமாக வருவார். நாடுகள் ஆயுதம் குவிக்கிற அதே கதை, கிராம் கணக்கில்.

இதில் உண்மையில் பறிபோவது எது தெரியுமா? ஆட்டத்தின் ரகங்கள். இரண்டு பக்கமும் கனத்தால் மட்டுமே ஜெயிக்கப் பார்த்தால், நடுவில் ஒரு குவியல் உருவாகும், அவ்வளவுதான். சுற்றி ஓடும் உத்தி, ஏமாற்றி ஓடும் உத்தி, சுருள்வில் கையால் குட்டி ஃபெல்ட் பந்தை எறிந்து பாஸ் போடும் திறமை எல்லாம் அர்த்தமிழந்துவிடும். கஷ்டப்பட்டுத் திட்டம் போடுபவனைவிட அதிக ஈயம் வாங்குபவன் ஜெயிப்பான்.

அதனால்தான் தராசு வந்தது. நகைக்கடையில் வைக்கிற மாதிரி கிராமில் புள்ளிக்கணக்கு காட்டும் குட்டித் தராசு. பல போட்டிகளில் பீடத்தோடு சேர்த்து ஒரு பொம்மை 4 கிராமுக்குள் இருக்கணும்னு ஒரு வரம்பு பழக்கத்துக்கு வந்தது. எல்லா லீக்கும் இந்த எண்ணை ஏற்கவில்லை. சிலர் இதைவிட அதிகம் அனுமதிக்கிறார்கள், சிலர் எடையைத் திறந்தே விட்டுவிட்டார்கள். ஆனால் எந்த எண் என்பது ரெண்டாம்பட்சம். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு எண் இருக்கணும் என்பதுதான் விஷயம்.

வரம்பு வந்தால் திறமை எங்கே போகும்?

வரம்பு போட்டால் சுவாரசியம் போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. இதற்கு அமெரிக்காவிலேயே ஒரு நல்ல பதில் இருக்கு. 1953-இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்பவர் சாரணர் சிறுவர்களுக்காக ஒரு மரக் கார் பந்தயம் தொடங்கினார். பேர் பைன்வுட் டெர்பி. ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக் கார் செய்து, சரிவில் விடுவார்கள். அதிகபட்ச எடை 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம்.

அந்த விதி எடை மேல் இருந்த ஆசையைக் குறைத்ததா? இல்லை. எல்லோரும் சரியாக 5 அவுன்ஸில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு கேள்வி மாறியது. எவ்வளவு கனம் என்பது போய், அந்தக் கனத்தைக் காரில் எங்கே வைப்பது என்பது வந்தது. பின்பக்கம் வைத்தால் சரிவில் கூடுதல் உயரத்திலிருந்து இறங்கும், அதனால் வேகம் கூடும். இப்படி ஒரு பையன் தானாகவே இயற்பியலுக்குள் காலடி எடுத்து வைப்பான்.

எலக்ட்ரிக் ஃபுட்பாலிலும் இதேதான் நடந்தது. எல்லா லைன்மேனும் 4 கிராமை ஒட்டி வந்து நின்ற பிறகு, வித்தியாசம் பீடத்தின் கால்களுக்குப் போனது. கூர்மூக்குக் குறடால் அந்தப் பிளாஸ்டிக் கால்களை மயிரிழை அளவு வளைத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி வளைத்து, ஒரு பீடத்துக்கே மணிக்கணக்கில் செலவு செய்பவர்கள் இருக்கிறார்கள். ஈயம் காசு கொடுத்தால் கிடைக்கும். இந்தக் கைப்பக்குவத்தைப் பழகித்தான் வாங்கணும்.

நிஜ மைதானத்தில் தராசு இல்லை

கடைசியா ஒரு விஷயம். இந்தப் பொம்மைகள் யாரைப் பார்த்துச் செய்யப்பட்டனவோ, அந்த நிஜ விளையாட்டு இதே கேள்வியை எப்படிக் கையாண்டது?

ஒரு மூலையில் நன்றாகவே கையாண்டது. 1934-இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் கல்லூரிகள் சில சேர்ந்து 150 பவுண்டு ஃபுட்பால் என்று ஒரு லீக் தொடங்கின. 150 பவுண்டுன்னா சுமார் 68 கிலோ. சின்ன உடம்புக்காரனும் ஆடட்டும் என்பதுதான் யோசனை. வரம்பு பின்னால் உயர்ந்தாலும், ஸ்ப்ரின்ட் ஃபுட்பால் என்ற பெயரில் அது இன்றும் நடக்குது.

ஆனால் பெரிய மேடையான என்.எஃப்.எல்-இல் எடை வரம்பு கிடையாது. 1970 வாக்கில் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ தாண்டிய வீரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1986 ஜனவரியில் நடந்த 20-ஆவது சூப்பர் பவுலில், சிகாகோ பியர்ஸ் அணியின் வில்லியம் பெர்ரி பந்தோடு பாய்ந்து டச்டவுன் போட்டார். எடை சுமார் 150 கிலோ. செல்லப் பெயர் ‘ரெஃப்ரிஜிரேட்டர்’. அவர் ஆடும் இடம் தடுப்பு வரிசை. ஆனால் கோலுக்கு அருகில் தள்ள வேண்டிய தருணங்களில் பயிற்சியாளர் மைக் டிட்கா அவரையும் தாக்குதலில் இறக்கிவிட்டார். அன்றைக்கு அந்த உடம்பே ஒரு அதிசயம். 2000 வாக்கில் 300 பவுண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். கனமான லைன்மேன் ஜெயித்தான், எதிரணி அவனைவிடக் கனமானவனைத் தேடியது. தகரப் பலகையில் நடந்த அதே பந்தயம்.

விலை மட்டும் வேறு. 1994-இல் அமெரிக்க அரசின் தொழில்சார் ஆரோக்கிய ஆய்வு நிறுவனம், முன்னாள் என்.எஃப்.எல் வீரர்கள் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டது. பொதுவாக வீரர்களின் ஆயுள் நன்றாகவே இருந்தது. ஆனால் லைன்மேன்களுக்கு மட்டும் இதயநோயால் இறக்கும் அபாயம் சாதாரண ஆண்களைவிட அதிகமாக இருந்தது. பொம்மைக்கு அடியில் ஒட்டிய ஈயத்தை ஆட்டம் முடிந்ததும் பிய்த்து எடுத்துவிடலாம். மனுஷன் வேலைக்காக ஏற்றிக்கொண்ட எடை ஓய்வுபெற்ற பிறகும் அவனோடவே வீட்டுக்கு வரும்.

ஒரு சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பொம்மையைத் தராசில் வைத்து, “உன்னோடது 4.1 இருக்கு, கொஞ்சம் சுரண்டிட்டு வா”ன்னு சொல்றவங்களைப் பார்த்தா நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு விளையாட்டு போடாத கோட்டை இந்த பொம்மைக்காரங்க போட்டுட்டாங்க. ஜெயிக்கிறதுக்கு எவ்வளவு தூரம் போகலாம்னு ஆட்டத்துக்கு முன்னாடியே கூடிப் பேசி, ஒரு எண்ணில் கையெழுத்து போட்டாங்க.

உங்க வீட்டுல, உங்க தெருவுல, உங்க ஆபீஸ் கேரம் போர்டுல இப்படி எழுதப்படாத எடை விதி ஏதாவது இருக்கா? இருந்தா எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.